பஞ்சவர்ணம் ஞாயிற்றுக்கிழமை வீடு திரும்புகிறாள்: எங்கள் குடியிருப்பு நலச் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

சங்கத்தின் செயற்குழுவுக்கும் இந்த வளாகத்தின் 24 வீட்டாருக்கும் வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் மூன்றாவதாக ஒரு தீர்மானம் போட்டீர்கள். தண்ணீர்த் தொட்டி கழுவும் பேச்சுக்கும் மொட்டைமாடிப் பூட்டுப் பேச்சுக்கும் நடுவில் ஐந்தே நிமிஷத்தில் அது முடிந்துபோனது. தரைத்தளத்துப் பெரியவர் திரும்பி வருவதற்குள் அவருடைய பூனை பஞ்சவர்ணத்தை, நம் பஞ்சுவை, நிரந்தரமாக வேறு இடத்துக்கு அனுப்பிவிட வேண்டும் என்பது தீர்மானம். நான் அன்றைக்குக் கடைசி வரிசையில் இருந்தேன். வாய் வரவில்லை. கூட்டத்தில் எழுந்து பேசிப் பழக்கமில்லாதவள் நான். ஆனால் ஏழு வாரமாக அந்தப் பூனை என் வீட்டில்தான் இருக்கிறது. இந்த வளாகத்தில் அவளைப் பற்றி அதிகம் தெரிந்தவள் இப்போதைக்கு நான்தான். அதனால் எழுதுகிறேன். நகல் எடுத்து ஒவ்வொரு வீட்டுக் கதவுக்கடியிலும் போடுகிறேன். வெளியிலும் பகிர்கிறேன், தனியாக ஒரு பெரியவரும் அவரை நம்பி ஒரு பிராணியும் இருக்கிற குடியிருப்பு சென்னை அயனாவரத்தில் நம்முடையது மட்டுமாக இருக்காது.

முதலில் அந்த நாளைச் சொல்லிவிடுகிறேன். ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட வாரம். குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்த பெரியவரை 108 வண்டியில் ஏற்றினோம். ஏற்றியவர்களில் நானும் ஒருத்தி. ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி ஏதோ சொல்லப் பார்த்தார். பார்க்கின்சன் நோய் முற்றினால் கை மட்டுமல்ல, குரலும் தேய்ந்துபோகும். "ப... ப..." என்றுதான் வந்தது. பையைக் கேட்கிறார் என்று நினைத்தோம். ஆதார் கார்டும் மருந்துச் சீட்டும் வைத்திருந்த மஞ்சப்பையை எடுத்து அவர் மார்பின் மேல் வைத்தோம். அவர் தலையை ஆட்டினார். சரி என்கிறார் என்று எடுத்துக்கொண்டோம். வண்டி போனது, கதவைப் பூட்டினோம், சாவியைச் செயலாளரிடம் கொடுத்தோம்.

அவர் கேட்டது பஞ்சுவை.

ஐந்து நாள் அவள் அந்தப் பூட்டிய வீட்டுக்குள் இருந்தாள். பின்பக்கம் துவைக்கிற இடத்துக் கம்பிக் கதவுக்கடியில் வாட்ச்மேன் தம்பி தினமும் ஒரு தட்டில் பால் வைத்திருக்கிறார். வளர்ந்த பூனைக்குப் பால் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளாது, வயிற்றால் போகும். அது அவருக்கு எப்படித் தெரியும்? 24 வீட்டில் அந்த ஒரு மனிதருக்குத்தான் உள்ளே ஓர் உயிர் இருப்பது ஞாபகம் இருந்தது. ஆறாம் நாள் வாட்ஸ்அப் குழுவில் "கீழே நாத்தம் தாங்கலை" என்று ஒருவர் எழுதினார். அதற்குக் கீழே எத்தனை பேர் கட்டைவிரல் போட்டீர்கள் என்று நான் எண்ணவில்லை. அதில் என் விரலும் உண்டு.

சாவியை வாங்கிக்கொண்டு நானும் வாட்ச்மேனும்தான் உள்ளே போனோம். கட்டிலுக்கடியில், பெரியவர் அவிழ்த்துப் போட்ட லுங்கியின் மேல் கிடந்தாள். வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. இடுப்புக்குக் கீழே முடியெல்லாம் மூத்திரத்தில் ஊறி, காய்ந்து, மறுபடி ஊறி, பாய் மாதிரி ஒட்டிப்போயிருந்தது. தரையில் இழுத்து இழுத்துத் தேய்ந்த கணுக்கால் புண்ணில் புழு நெளிந்தது. வயிற்றைத் தொட்டால் உள்ளே ஒரு சாத்துக்குடி இருப்பதுபோலக் கெட்டியாக இருந்தது. அது என்ன என்று அப்போது எனக்குத் தெரியாது.

துணி போட்டுச் சுற்றி ஆட்டோவில் வேப்பேரிக்குக் கொண்டுபோனேன். 1903 முதல் அங்கே இருக்கிற கால்நடை மருத்துவக் கல்லூரியை இத்தனை வருஷமும் பேருந்து ஜன்னலிலிருந்து பார்த்ததோடு சரி. உள்ளே வரிசையில் ஆட்டுக்குட்டியோடு ஒரு அம்மா, கூண்டில் கிளியோடு ஒரு பையன், லாப்ரடாரைத் தோளில் சாய்த்துக்கொண்டு அழுதபடி ஒருவர். மருத்துவர் முடியைக் கத்தரிக்கச் சொன்னபோது நான் கடைப் பையிலிருந்து என் துணிக் கத்தரியை எடுத்தேன். "வேணாம்மா, தோலும் சேர்ந்து வந்துடும்" என்று தடுத்து, அவரே ட்ரிம்மரால் மழித்தார். அடியில் தோல் வெந்நீர் பட்டது மாதிரி சிவந்திருந்தது. மூத்திரமே தோலை அரித்துவிடும் என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

அந்தச் சாத்துக்குடி, நிரம்பிப்போன மூத்திரப்பை. அவளுடைய முதுகெலும்பு பழைய அடியில் முறிந்தது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி கிடையாது. கால் மட்டும் போகவில்லை, மூத்திரப்பையைச் சுருக்கிக் காலியாக்கும் கட்டளையும் முறிந்த இடத்தோடு நின்றுபோயிற்று. பை நிரம்பி, இனி இடமில்லை என்றால் தானாக வழியும். அந்த வழிசலைத்தான் நாம் "கண்ட இடத்துல போகுது, பழக்கமில்லாத பூனை" என்று சொல்லிக்கொண்டிருந்தோம். பழக்கமில்லாததால் அல்ல, போக முடியாததால் வழிந்தது. ஒரு நாளைக்கு மூன்று தரமாவது மனிதக் கை அந்தப் பையை அழுத்தி வெளியேற்ற வேண்டும். இல்லாவிட்டால் உள்ளேயே தேங்கிக் கிருமி பிடிக்கும், அது சிறுநீரகத்துக்கு ஏறும். அவளுக்குக் கிருமி பிடித்திருந்தது.

மருத்துவர் என் விரலைப் பிடித்து இடம் காட்டினார். பூனையைப் பக்கவாட்டில் சாய்த்து, விலாவுக்கும் தொடைக்கும் நடுவே கட்டைவிரல் ஒரு பக்கம், மற்ற நாலு விரல் மறுபக்கம். உருண்டையாக ஒன்று வழுக்கும். "பிழியாதீங்க. தண்ணி ரொப்பின பலூனைக் கையில வெச்சு மெதுவா இறுக்கற மாதிரி, ஒரே அளவா." முதல் நாள் எனக்கு ஒரு சொட்டு வரவில்லை. கை வியர்த்தது. இரண்டாம் நாள் நூல் மாதிரி ஒரு தாரை வந்தது. அந்த அரை நிமிஷத்தில் அவள் உடம்பு முழுக்க இளகி, தலை என் முழங்கையில் சாய்ந்தது. பதினெட்டு வருஷமாகத் தையல் மெஷினில் உட்கார்ந்திருக்கிறேன், என் விரல் இப்படி ஒரு வேலை செய்து நான் பார்த்ததில்லை.

இப்போது உங்கள் தீர்மானத்தின் முதல் காரணத்துக்கு வருகிறேன். "பராமரிக்க முடியாதவர் ஏன் வளர்க்க வேண்டும்? இது கொடுமை இல்லையா?" என்று கூட்டத்தில் கேட்டீர்கள். கேட்டதில் தப்பில்லை. நானும் அதே கோபத்தில்தான் ஒரு முழு நாள் இருந்தேன். புண் ஐந்து நாளில் வந்தது அல்ல, மாசக்கணக்காக இருப்பது என்று மருத்துவரே சொன்னார். அன்று சாயங்காலம் அவளுடைய தட்டையும் துண்டையும் எடுத்து வரப் பெரியவர் வீட்டுக்குப் போனேன். சமையலறை ஆணியில் ஒரு காலண்டர் தொங்கியது. தினத்தாளில் கிழிக்காமல், மாசத்தாளில் ஒவ்வொரு கட்டத்திலும் பேனாவால் எழுதியிருந்தார். ஜனவரியில், நன்றாகப் படிக்கிற அளவில்: "5.40 ஆச்சு. 1.15 ஆச்சு. 9.30 ஆச்சு." ஏப்ரலில் எழுத்து பாதியாகச் சிறுத்திருந்தது. "ஆச்சு. கொஞ்சம். ஆச்சு." ஜூலையில் எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்தது. கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன். "வரலை. கொஞ்சம். வரலை." செப்டம்பர் கட்டங்களில் வெறும் புள்ளிகள்தான். ஆனால் ஒரு கட்டம்கூடக் காலியாக இல்லை.

எழுத்து இப்படிச் சுருங்கிச் சுருங்கிப் போவது பார்க்கின்சன் நோயின் அடையாளங்களில் ஒன்று. விரல் நடுங்குகிறது, இறுகுகிறது, சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. தாளில் எழுத்தைச் சுருக்கிய அதே நோய்தான் அவளுடைய மூத்திரப்பையையும் காலியாக்க விடவில்லை. தினம் மூன்று வேளை முயன்று, தினம் மூன்று வேளை தோற்று, அதை ஒளிக்காமல் எழுதியும் வைத்திருக்கிறார். அந்தக் காலண்டரைப் பார்த்த பிறகு "பராமரிக்காதவர்" என்ற சொல்லை அவர் மேல் போட என்னால் முடியவில்லை. பத்து மாசத்தில் நம்மில் ஒருவர், ஒரே ஒரு நாள், சமையலறை வரை போயிருந்தால் படித்திருக்கலாம். அவர் வாசல் தாண்டித்தான் எல்லோரும் தினம் வண்டி எடுக்கிறோம்.

வண்டி என்றதும் இன்னொன்றைச் சொல்லியாக வேண்டும். அவளுக்கு எப்படி முதுகு முறிந்தது என்று புதிதாகக் குடிவந்தவர்களுக்குத் தெரியாது. ஐந்து வருஷம் முன்னால் ஒரு மழை ராத்திரி, குட்டியாக இருந்தவள் கதகதப்புக்காக நம் கார் நிறுத்துமிடத்தில் ஒரு சக்கரத்தை ஒட்டிப் படுத்திருந்தாள். காலையில் அந்த வண்டி கிளம்பியது. யாருடைய வண்டி என்று பெரியவர் அன்றும் கேட்கவில்லை, நானும் இப்போது கேட்கவில்லை. மழைக்காலத்தில் வண்டி எடுக்குமுன் பானட்டை ரெண்டு தட்டு தட்டிவிட்டு எடுங்கள், அது போதும். அவளைத் தூக்கிக்கொண்டு போனவர் அவர்தான். மூன்று நிறத்துப் பூனை. அப்படிப்பட்டவை அநேகமாகப் பெண்ணாகத்தான் இருக்கும். "மூணு கலர்தானே இருக்கு அங்கிள், ஏன் பஞ்சவர்ணம்னு பேர் வெச்சீங்க?" என்று என் மகள் கேட்டாள். "கண்ணு பச்சை, மூக்கு ரோஸு. எண்ணிக்கோம்மா" என்றார்.

ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். கை நன்றாக இருந்த காலத்தில் அரை இஞ்ச் பி.வி.சி. குழாயையும் எல்போவையும் வைத்து, பேரனுடைய உடைந்த சைக்கிளின் பக்கச் சக்கரம் இரண்டைப் பூட்டி, அவளுக்கு ஒரு வண்டி செய்தார். இடுப்பைத் தூக்கிப் பிடிக்கும் அந்த வண்டியில் அவள் தரைத்தள நடையில் கடகடவென்று ஓடியது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். உங்கள் பிள்ளைகள் கூடவே ஓடினார்கள். வீட்டுக்குள் போனபோது அந்த வண்டி பரண்மேல் கிடந்தது. பட்டை இற்று அறுந்திருந்தது. பக்கிளை மாட்ட அவர் விரலால் முடியவில்லை, அதனால் வண்டி நின்றது. வண்டி நின்றதால் தரையில் இழுத்தாள், இழுத்ததால் புண். ஒன்றிலிருந்து ஒன்றாக இப்படித்தான் வந்திருக்கிறது. நான் பிளவுஸ் லைனிங்கை இரண்டு மடிப்பாக்கி, உள்ளே ஃபோம் வைத்து, பக்கிளுக்குப் பதில் அகலமான வெல்க்ரோ தைத்துப் புதுப் பட்டை போட்டிருக்கிறேன். நடுங்கும் கையாலும் அதை ஒட்டிவிடலாம்.

இந்த ஏழு வாரத்தில் அவள் என்ன ஆனாள் என்றும் தெரிந்துகொள்ளுங்கள். முதல் வாரம் தையல் அறை மேசைக்கடியில் ஒரு அட்டைப்பெட்டி, அதற்குள் பெரியவரின் துவைக்காத லுங்கி. அவர் வாசனை இருந்தால்தான் சாப்பிட்டாள். பூனை இரண்டு மூன்று நாள் ஒன்றுமே சாப்பிடாமல் கிடந்தால் ஈரலில் கொழுப்பு ஏறி உயிருக்கே ஆபத்தாகிவிடும் என்று மருத்துவர் பயமுறுத்தியிருந்தார். அதனால் உப்பு, காரம் இல்லாமல் வேகவைத்த கோழியை விரல்நுனியில் எடுத்து ஊட்டினேன். தயிர்சாதம் போதுமே என்று எதிர்வீட்டு அக்கா சொன்னார்கள். போதாது. பூனைக்குக் கண்ணும் இதயமும் கெடாமல் இருக்க டாரின் என்று ஒரு சத்து வேண்டும், அது கறியிலும் மீனிலும்தான் இருக்கிறது. நாய் மாதிரி சைவத்தில் ஓட்டிவிட அதன் உடம்பு அமையவில்லை. கோழியும் பூனைத் தீனியும் மாற்றி மாற்றி வைக்கிறேன். புண் ஆறி ரோஜா நிறத்தில் புதுத்தோல் வந்துவிட்டது. முடியும் வெல்வெட் மாதிரி முளைக்கிறது. மெஷின் ஓடும்போது பெடல் பக்கத்தில் வந்து படுத்துக்கொள்கிறாள். நூல்கண்டு உருண்டால் முன்னங்கால் இரண்டாலும் அதைத் துரத்துகிறாள்.

அதனால்தான் கூட்டத்தில் ஒருவர் "அந்த ஜீவனுக்கு ஊசி போட்டு விடுதலை கொடுத்துடலாமே" என்றபோது எனக்கு அடிவயிறு கலங்கியது. கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்று தெரியும். அவளுக்கு வலி இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் மருத்துவரிடம் கேட்டிருக்கிறேன். தீராத வலியில் துடிக்கிற பிராணிக்குத்தான் அந்தப் பேச்சு, சாப்பிட்டு விளையாடித் தன்னைத்தானே நக்கிச் சுத்தம் செய்துகொள்கிற பூனைக்கு ஏன் என்று அவர் கேட்டார். அதே கூட்டத்தில் இன்னொருவர், வலிக்கு அரை பாராசிட்டமால் கொடுத்துப் பாருங்களேன் என்றார். தயவுசெய்து எந்தப் பூனைக்கும், எந்த வீட்டிலும், கொடுத்துவிடாதீர்கள். நம் ஈரல் அந்த மருந்தை முறித்து வெளியேற்றுவதுபோலப் பூனையின் ஈரலுக்கு முறிக்கத் தெரியாது. ஒரு மாத்திரையே கொன்றுவிடும். பினாயிலும் டெட்டாலும் அப்படித்தான். தரைத்தள நடையைத் துடைக்கும்போது அவர் வாசல் பக்கம் மட்டும் பினாயில் ஊற்ற வேண்டாம் என்று துப்புரவு அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். ஈரப் பாதத்தை நக்கும்போது அது உள்ளே போகும். சங்கமும் ஒரு வார்த்தை சொல்லிவைத்தால் நல்லது.

இரண்டாம் மாடி அம்மா, மருமகள் மாசமாக இருப்பதைச் சொல்லிப் பயந்தார்கள். அந்தப் பயத்துக்கு முழுப் பதில் சொல்ல நான் கடமைப்பட்டவள். பூனை மலத்திலிருந்து டாக்சோபிளாஸ்மா என்ற கிருமி வரலாம், அது வயிற்றுப் பிள்ளையைப் பாதிக்கலாம் என்பது உண்மை. ஆனால் பூனை அந்தக் கிருமியை வெளியேற்றுவது பெரும்பாலும் முதன்முதலாகத் தொற்றும்போது மட்டும், ஒன்றிரண்டு வாரத்துக்கு. வெளியே வந்த மலமும் ஒரு நாளாவது கிடந்தால்தான் தொற்றும் நிலைக்கு வரும். அன்றன்றைக்கு அள்ளிவிட்டால் அந்தச் சங்கிலி அறுந்துவிடும். பாதி வெந்த கறியிலிருந்தும் சரியாகக் கழுவாத கீரையிலிருந்தும் அதே கிருமி வரும் என்பதால், மருமகளுக்கு அதையும் சொல்லிவையுங்கள் அம்மா. பூனை மலத்தை அள்ளுகிற வேலையை மாசமாக இருப்பவர்கள் செய்யக் கூடாது, அவ்வளவுதான். பஞ்சு வெளியே திரிகிற பூனையும் இல்லை. வெறிநாய்க்கடித் தடுப்பூசியும் பூனைகளுக்கான மற்றத் தடுப்பூசியும் போட்டாயிற்று, அட்டை என்னிடம் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம்.

சட்டமும் இருக்கிறது. அதைக் காட்டி மிரட்ட எனக்கு மனசில்லை, தெரியாமல் போட்ட தீர்மானம் என்பதால் சொல்கிறேன். பெரும்பான்மை வாக்கெடுத்தாலும் செல்லப்பிராணி வளர்க்கக் கூடாது என்று குடியிருப்புச் சங்கங்கள் தடை போட முடியாது என இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-இல் வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. பசியிலும் தாகத்திலும் வாடும்படி ஒரு பிராணியைக் கைவிடுவது 1960-ஆம் வருஷத்துப் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவின்படி குற்றம். காசிமேட்டில் விட்டால் மீன் தின்று பிழைத்துக்கொள்ளும் என்றீர்கள். மூத்திரப்பையை யார் அழுத்துவார்கள்? அங்கே விட்டால் மூன்று நாள் தாங்க மாட்டாள்.

"நீங்களே வெச்சுக்குங்களேன், உங்ககிட்டதான் நல்லா இருக்கே" என்று அன்பாகவும் சிலர் கேட்டீர்கள். இதற்குத்தான் எனக்குப் பதில் சொல்ல நேரம் பிடித்தது. ஆசை இல்லை என்றால் பொய். ஆனால் நான் அவளை எடுத்துக்கொள்ளவில்லை, பார்த்துக்கொள்ளத்தான் வாங்கினேன். மஸ்கட்டில் இருக்கும் அவர் மகளோடு போனில் பேசி, அறுவைக்குப் பிறகு அவர் இருக்கும் பராமரிப்பு இல்லத்துக்கு நேரில் போய்ப் பெரியவர் முன்னால் ஒரு வெள்ளைத்தாளில் எழுதினோம். அவர் திரும்பும் வரைக்கும் என்னிடம் இருப்பாள், மருந்துச் செலவு மகளுடையது, தீனி என்னுடையது, பெரிய சிகிச்சை எதுவானாலும் அவரைக் கேட்காமல் முடிவெடுக்க மாட்டேன். கீழே அவர் கையெழுத்துப் போட்டார். அரிசி அளவுதான் இருந்தது. அதைப் போட அவருக்குக் கிட்டத்தட்ட இரண்டு நிமிஷம் ஆனது. அந்தத் தாளை மீறி நான் அவளை வைத்துக்கொண்டால், உடம்பு சரியில்லாதவரிடமிருந்து திருடியதற்கும் அதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

அந்த இல்லத்தில் பிராணிகளை விட மாட்டார்கள். அதனால் தினமும் ராத்திரி ஒன்பதரைக்கு வீடியோவில் கூப்பிடுவேன். அவர் கேட்பது ஒரே கேள்விதான், குரல் இழுத்து இழுத்து வரும். "போனாளாம்மா?" "போனா அங்கிள், நிறையப் போனா." அதற்குப் பிறகுதான் மாத்திரை வாங்கிக்கொள்கிறார் என்று அங்கிருக்கும் செவிலியர் சொன்னார். அறுவைக்குப் பிறகு நடக்கவே மாட்டேன் என்று படுத்துக் கிடந்தவர். வாக்கரைப் பிடித்து முதல் எட்டு வைத்த அன்று, பிசியோதெரபி செய்யும் பெண் அவரிடம் என்ன சொன்னாள் தெரியுமா? "தாத்தா, நீங்க எழுந்தாத்தான் பஞ்சு வீட்டுக்கு வருவா." அந்தப் பெண்ணுக்கு நாம் கொடுத்திருக்கும் பதில், மூன்றாவது தீர்மானம்.

அவரால் எல்லாம் செய்ய முடியாது என்பதை நான் மறைக்கவில்லை. மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் கழித்துக் கை கொஞ்சம் சொன்னபடி கேட்கும். அந்த நேரத்தில் தீனி வைப்பார், முடி சீவுவார், வண்டிப் பட்டையை ஒட்டிவிடுவார். வாக்கரில் நடக்கும்போது அவள் காலடியில் வந்துவிட்டால் ஆபத்து, அதனால் பின் அறை வாசலில் முழங்கால் உயரத்துக்கு ஒரு பலகை மாட்டியாயிற்று, கழுத்தில் மணியும் கட்டியாயிற்று. மகள் பகலுக்கு ஓர் ஆள் ஏற்பாடு செய்திருக்கிறார். அவர் பெரியவரைப் பார்த்துக்கொள்வார், பூனையைத் தொட மாட்டார் என்று பேச்சு. மீதி இருப்பது மூன்று வேளையும் மூத்திரப்பையை அழுத்துவது. கழுவித் துடைப்பது உட்பட வேளைக்குக் கால் மணி நேரம்.

ஒரு பழைய விஷயம். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு வாட்ச்மேன் அறையில் ஒரு நோட்டுப் போட்டோம். எந்த வீட்டில் வயதானவர் இருக்கிறார், யாருக்கு இன்சுலின், யாரைக் கூப்பிடுவது என்று. 2023 மிக்ஜாம் புயலின்போது அந்த நோட்டு எத்தனை உதவியது என்று உங்களுக்கே தெரியும். அதில் ஒரு பத்தி சேர்க்கச் சொல்கிறேன். வீட்டில் பிராணி உண்டா, என்ன சாப்பிடும், என்ன மருந்து, சாவி யாரிடம். அந்த ஒரு வரி இருந்திருந்தால் ஐப்பசியில் கதவைப் பூட்டும் முன் யாராவது ஒருவர் கட்டிலுக்கடியில் குனிந்து பார்த்திருப்போம். நான் இரண்டு கிளிகள், நான்கு நாய்கள், மீன் தொட்டிகள் எல்லாம் எண்ணி வைத்திருக்கிறேன். நீங்கள் சொன்னால் நானே எழுதி முடிக்கிறேன்.

பெரியவர் வரும் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வருகிறார். அதற்கு முன்னால் சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து நிமிஷம் கூடி, அந்தத் தீர்மானத்தை எடுத்துவிடுங்கள். பதிவேட்டில் என் பெயரை எதிர்ப்பு என்று போட வேண்டாம், வேண்டுகோள் என்று போடுங்கள்.

காலை ஐந்தே முக்காலுக்கு நான் இறங்கி வருவேன். ராத்திரி ஒன்பதரைக்கும் நான்தான். இத்தனை நாள் மதியத்தில் கொன்னூர் நெடுஞ்சாலைக் கடையை அடைத்துவிட்டு வந்து போனேன். தை பிறந்தால் முகூர்த்தம், பிளவுஸ் குவியும், மதியம் அடைக்க முடியாது. பிளஸ் டூ படிக்கிற என் மகள் சனி, ஞாயிறு பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறாள். எப்படி அழுத்துவது என்று யாருக்கு வேண்டுமானாலும் நான் சொல்லித்தருகிறேன். இரண்டு நாளில் கை பழகிவிடும், அவள் கடிக்க மாட்டாள். நேற்று வாட்ச்மேன் தம்பி வந்து கையைக் கழுவிக்கொண்டு, "ஒருவாட்டி காட்டுங்கக்கா" என்று உட்கார்ந்தார். செவ்வாயும் வியாழனும் அவருக்குப் பகல் பணி, அந்த இரண்டு நாளும் அவர் செய்வதாக ஒத்துக்கொண்டார்.

திங்கள், புதன், வெள்ளி, மதியம் ஒன்றேகால் மணிக்கு இன்னும் ஆள் வேண்டும்.

இப்படிக்கு,
மூன்றாம் மாடி, தையற்கடைக்காரி